இருக்கும் இடம்

மார்ச் 6

இன்று தொண்ணூறாம் நாள். குடிவரவு அலுவலகத்தில் முகவரி அறிக்கை கொடுத்தேன்.

பத்து வருஷமாக இதே கூத்து. ஓய்வு பெற்றவர்களுக்கான அனுமதியில் இந்த நாட்டில் தங்குகிறவன், தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை நேரில் போய், நான் எங்கேயும் ஓடிப்போகவில்லை, இன்ன இடத்தில்தான் கிடக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆலை வாசலில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக உட்கார்ந்து ஆயிரம் பேரைக் கையெழுத்துப் போட வைத்தவருக்கு இதெல்லாம் வேண்டியதுதான் என்பாள் என் மனைவி.

படிவத்தை மாற்றிவிட்டார்கள். 'முகவரி' என்றிருந்த கட்டத்தில் வேறொரு சொல். மற்றவர்கள் வாசலில் மேசை போட்டு எழுதித் தருகிறவனிடம் ஓடினார்கள். நான் ஏன் ஓட வேண்டும்? அறுபத்தோரு வயதில் சோப்பு உறையையும் பஸ் பலகையையும் பார்த்து இந்த மொழியைப் படித்தவன். நானே நிரப்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் முத்திரையம்மா படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள்.

இரண்டு பஸ் மாறி, மனைவி படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். இவள் தூங்கவில்லை. வீட்டுக்கு எப்போது என்றாள்.

மார்ச் 9

நுரையீரலில் மறுபடி நீர். உறிஞ்சி எடுத்தார்கள். இவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 19

கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். இதுவரை எட்டிப் பார்க்காதவள், இன்று மூன்று மாடி ஏறி, கையில் ஒரு காகிதத்தோடு. இவளைப் பார்க்க வந்தாள் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

குடிவரவு அலுவலகத்திலிருந்து அவளுக்கு நோட்டீஸ். உன் வீட்டில் குடியிருந்த வெளிநாட்டவர் இடம் மாறிவிட்டார், ஏன் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவில்லை என்று. யார் மாறியது? நான்தான். என் கையெழுத்தோடு நகல் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டத்தில் நான் எழுதியது: பொது ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, பெண்கள் வார்டு, கட்டில் 14.

"பத்து வருஷம் என் தலைக்கு மேல நடந்துட்டு, என் வீட்டுல இல்லைன்னு எழுதிட்டீங்களே," என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

மார்ச் 20

முத்திரையம்மாவிடம் நியாயம் கேட்டேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டீர்கள், இருக்கிற இடத்தைச் சொன்னேன், இதில் என்ன குற்றம்? ஆறு வாரமாக அந்த மடக்கு நாற்காலியில்தான் தூக்கம். வீட்டுக்குப் போவது குளிக்கவும் துணி துவைக்கவும் மட்டும்.

அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினான். அங்கே கேட்டிருப்பது குடியிருக்கும் இடமாம். நான் எழுதியது உடம்பு இருக்கும் இடமாம். ஆஸ்பத்திரி வார்டைக் குடியிருப்பாகக் காட்டினால் கோப்பின்படி எனக்கு வீடு இல்லை. வீடு இல்லாதவனுக்கு அனுமதி நீட்டிக்க முடியாது. என் அனுமதி ஏப்ரல் 30 வரை.

வழியும் சொன்னான். தவறாக எழுதிவிட்டேன் என்று ஏப்ரல் 10க்குள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? நான் தவறாக எழுதவில்லையே. உண்மையை எழுதினேன்.

போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 21

வீட்டுக்குப் போய் அகராதியை எடுத்துப் பார்த்தேன். முதுகு பிய்ந்த பழைய அகராதி. இவர்கள் மொழியில் இரண்டு சொல் உண்டு, ஒன்று குடியிருப்பதற்கு, ஒன்று சும்மா இருப்பதற்கு. பத்து வருஷத்துக்கு முன் இரண்டுக்கும் நேரே என் கையெழுத்தில் ஒரே குறிப்பு: 'இருக்கும் இடம்'.

நமக்கு ஒரே கேள்விதானே. எங்க இருக்கீங்க? வீட்டைக் கேட்டாலும் அதுதான், தெருவில் தொலைந்தவனைக் கேட்டாலும் அதுதான்.

என் மொழி அப்படி. அதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

மார்ச் 28

மகள் போனில் அழுதாள். வேலை மாற்றலாகி அவள் இங்கிருந்து வேறு நாட்டுக்குப் போனபோது எங்களையும் கூப்பிட்டாள். இன்னொரு மொழி படிக்க மாட்டேன் என்று மறுத்தவன் நான். அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குக் கேட்டது.

"அப்பா, அந்தக் கையெழுத்தைப் போட்டுத் தொலைங்கப்பா. அம்மாவை அனுப்ப மாட்டாங்க, நோயாளி. உங்களைத்தான் அனுப்புவாங்க. அப்புறம் அம்மா பக்கத்துல யாரு?"

வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2

மனு எழுதினேன். நான்கு பக்கம். வாங்கவே இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாதாம்.

ஏப்ரல் 5

சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. இருபத்தைந்து நாள் இருக்கிறது. என்னை விமானத்தில் ஏற்றிவிட்டால், மூச்சு முட்டும்போது இவள் யார் சட்டையைப் பிடிப்பாள்? நர்ஸ் நல்லவள்தான். ஆனால் இவள் தமிழில்தானே முனகுகிறாள். 'ஜன்னல்' என்று இவள் சொன்னால் திறக்கச் சொல்கிறாளா, மூடச் சொல்கிறாளா என்று இங்கே யாருக்குத் தெரியும்?

போடலாமா?

முடியவில்லை. கை வரவில்லை. முப்பத்தொரு வருஷப் பதிவேட்டில் ஒரு அடித்தல் கிடையாது. சொந்தத் தம்பி நாலு நிமிஷம் தாமதமாக வந்தான் என்று சிவப்பு மை போட்டவன் நான். கெஞ்சினான். அழிக்கவில்லை. அவன் சாகும்வரை என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அன்று அழிக்காதவன் இன்று எனக்காக அழித்தால் அவனுக்கு என்ன பதில்?

ஏப்ரல் 8

இவளுக்குத் தெரிந்துவிட்டது. மகள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

காலையில் ஆக்சிஜன் முகமூடியைத் தானே கழற்றினாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். தம்பி கதையை இழுப்பாள் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அதை எடுக்கவே இல்லை.

"நான் இங்க படுத்திருக்கேன். இங்க இருக்கேன்னு யார் சொன்னா?"

கட்டில் நம்பர்தானே எழுதினேன் என்றேன்.

"வீட்டுக்கு எப்போன்னு தினமும் கேக்கறேன். நீங்க அந்த வீடே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்து, பக்கத்துல உக்காந்து எனக்கு சூப் ஊத்தறீங்க."

நான் முகமூடியை மாட்டிவிடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "சரியா எழுதினவருக்கு ஒரு தப்பு எழுதக் கூடவா தெரியாது," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக யோசிக்கவே இல்லை.

ஏப்ரல் 9

தவறாக எழுதிவிட்டேன் என்று எழுதினேன்.

ஒரு நிபந்தனை வைத்தார்கள். நான் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறேனா என்று சோதிக்க ஆள் வருவான். எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள். அதுவரை தினமும் நான் அங்கேதான் படுக்க வேண்டும். இவளோடு இருப்பதற்காக, இவளோடு இருக்கக் கூடாது. இதைச் சட்டமாக எழுதியவன் ஒருத்தன் எங்கோ சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரல் 10

இரவு ஏழு மணி பஸ்ஸில் வீட்டுக்கு. முதல் பஸ்ஸில் திரும்ப. நடுவில் இருப்பதற்குப் பெயர் தூக்கம் இல்லை.

ஏப்ரல் 13

ஆள் வரவில்லை.

ஏப்ரல் 17

வரவில்லை. நேற்று இவளுக்கு மூச்சுத் திணறியபோது நான் வீட்டில், ஒழுங்காகக் குடியிருந்துகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22

காலை ஆறரைக்கு, நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் வந்தான். சின்ன வயசு, காலணியை வாசலிலேயே கழற்றினான். அலமாரியைத் திறந்தான். குளியலறையில் நின்று, பல் துலக்கும் பிரஷ் இரண்டு இருக்கிறதே, இன்னொருவர் எங்கே என்றான்.

கட்டில் 14 என்று நாக்கு நுனி வரை வந்தது.

"வருவா," என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அப்புறம் அவன் மொழியில் சொன்னேன். எழுதிக்கொண்டான்.

ஏப்ரல் 29

நீட்டித்துவிட்டார்கள். ஒரு வருஷம். இவளிடம் சொன்னேன், தலையை ஆட்டினாள். வேறு ஏதோ யோசனையில் இருந்தாள்.

மே 18

டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போய்ப் பேசினார். எல்லாச் சொல்லும் புரிந்தது. ஒரு சொல்லாவது புரியாமல் இருந்திருக்கலாம். இனி மருந்து ஏற்ற வேண்டியதில்லையாம். அவங்களுக்கு எங்கே பிடிக்குமோ அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

தாழ்வாரக் குழாயில் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். வீட்டுக்குப் போகலாம் என்றேன். இவள் என் முகத்தையே பார்த்தாள். எல்லாம் தெரிந்துகொண்டு, "நான்தான் சொன்னேன்ல," என்றாள்.

மே 21

ஸ்ட்ரெச்சர் எங்கள் மாடிப்படியில் திரும்பாது. அளந்து பார்த்தேன், அரை முழம் இடிக்கிறது. வீட்டுக்காரம்மாவிடம் அவள் முன்னறையைக் கேட்க வாய் எழவில்லை. மார்ச்சிலிருந்து பேச்சு கிடையாது. அவளே கதவைத் திறந்தாள். முன்னறையில் இருந்த தையல் மெஷினை நடைக்கு நகர்த்தியிருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நன்றி சொல்லத் தெரியாமல், அப்போ தளம் மாறுகிறதே, கீழ்த்தளம் என்று முகவரித் திருத்தம் கொடுக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"கதவு நம்பர் ஒண்ணுதான். வாயை மூடிக்கிட்டுக் கட்டிலைப் பிடிங்க," என்றாள்.

மே 22

வந்துவிட்டோம்.

மே 30

மகள் பத்தாம் தேதி வருகிறாள். இவள் தெருவைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். போகிற வருகிற எல்லோருக்கும் பெயர் வைத்தாயிற்று. எனக்கு வைத்த பெயரை எழுத மாட்டேன்.

ஜூன் 4

தொண்ணூறாம் நாள். வீட்டுக்காரம்மா இவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். போய்விட்டு இரண்டு மணி நேரத்தில் திரும்பினேன்.

அந்தக் கட்டத்தில் கதவு எண்ணையும் தெருவையும் எழுதினேன். இந்த முறை இரண்டு சொல்லுக்கும் ஒரே விடை. மாற்றம் உண்டா என்று முத்திரையம்மா கேட்டாள். இல்லை என்றேன். முத்திரை குத்தி, அடுத்த தேதி போட்ட சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

இவள் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அடுத்தது எப்போது என்றாள்.

"செப்டம்பர் ரெண்டு."

விரல் விட்டு மாதங்களை எண்ண ஆரம்பித்தாள். இரண்டாவது விரலில் நிறுத்தி, கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இருப்போம்," என்றாள்.

சீட்டை அவள் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருக்கிறேன்.