கொடி பெறாத தோணி

இன்று காலை ஸ்டுட்கார்ட்டில், பழைய மகிழுந்துகள் விற்கும் ஒரு முற்றத்தின் முன்னே நின்றுவிட்டேன். வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கயிறு கட்டி, வெள்ளை முக்கோணக் கொடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் அவை படபடத்தன. விற்பனையாள் என்னை வாங்க வந்தவனாக எண்ணிப் புன்னகைத்தான். எனக்கோ உங்கள் முகமே எழுந்தது, அண்ணை. அந்த இரும்பு வயிற்றுக்குள், கொடிகளின் கதையைக் கேட்டு நின்ற உங்கள் முகம்.

நீங்கள் இருந்த நாளில் உங்களுக்கு நான் மடல் எழுதியதில்லை. ஒரே உணவகத்தில், ஒரே தொட்டியின் இரு கரையில் நின்று தட்டுக் கழுவிய இருவருக்கு மடல் எதற்கு? வார இறுதியில் நம்மவர் விழாக்களில் பேச நான் மேடையேறுவேன். நீங்கள் சுடுநீர்க் குடுவையோடு முன்வரிசையில் அமர்ந்திருப்பீர்கள். முழங்கி முடித்து இறங்கினால் குடுவையை நீட்டி, "இண்டைக்குப் பரவாயில்லைத் தம்பி, பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன்தான் பொலிசுக்குப் போன் அடிச்சவன்" என்பீர்கள். என் சொல்வன்மைக்கு இம்மண்ணில் கிடைத்த நேர்மையான திறனாய்வு அது ஒன்றே.

வடக்கே, பால்டிக் கரையிலுள்ள நகரொன்றில் தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவில் பேச அழைத்திருந்தார்கள். வழக்கம்போல் குடுவையோடு நீங்களும் வந்தீர்கள். தொடர்வண்டியின் சாளரத்தில் கடல் தெரிந்ததும் உங்கள் கேலிப் பேச்சு நின்றது. அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னீர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், தாயின் வயிற்றில் நீங்கள் இருந்தபோது, மன்னாரிலிருந்து கொச்சிக்குக் கூரை ஓடு ஏற்றப் போன தோணியில் உங்கள் தந்தை போனார். தோணி திரும்பவில்லை. அதன் முன்தலைப்பில் மரத்தாலான அந்தோனியார் உருவம் ஒன்று இருந்தது. பெற்றோரின் திருமண நாளில் அது கை தவறி விழுந்து, அந்தோனியார் ஏந்தியிருந்த குழந்தை இயேசுவின் தலை உடைந்துபோனது. வந்து புதுத்தலை செய்விப்பேன் என்று சொல்லிப் பாய் விரித்தவர் வரவேயில்லை.

உங்கள் தாய் தாலியைக் கழற்றவில்லை. இறக்கும் தறுவாயில் உங்களிடம் ஓர் உறுதி வாங்கினார்: "கண்ணாலை கண்டவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் அவருக்குச் செத்தவைக்குச் செய்யிற பூசை செய்விக்காதை." நவம்பர் தோறும் இறந்தோர் நாளில், நம் தமிழ்த் திருப்பலியில் மறைந்தவர் பெயர்களை உரக்கப் படிப்பார்கள். தாயின் பெயரைக் கொடுப்பீர்கள். தந்தையின் பெயரைக் கொடுத்ததில்லை. ஒருமுறையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதே உங்கள் வாழ்வின் எஞ்சிய வேட்கையாக இருந்தது.

விழாவுக்கு மறுநாள், வண்டிக்கு நேரம் இருந்தது. கடற்கரையில் ஒரு பழைய நீர்மூழ்கியைத் தூக்கி நிறுத்திக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். உள்ளே எண்ணெயும் துருவும் நாறின. கணை ஏவும் குழாய்களின் அருகே முதியவர் ஒருவர், இதுபோன்ற கப்பலொன்றில் போர்க்காலத்தில் பணியாற்றியவர், வருவோருக்குத் தம் கப்பலின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டப்பட்டது, கடலிறக்கப்பட்டது, அட்லாண்டிக்கில் வேட்டையாடியது, பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பினாங்குவரை போனது. ஒவ்வொரு கப்பலை மூழ்கடித்தபோதும் படுக்கை விரிப்பைக் கிழித்து ஒரு வெள்ளை முக்கோணம் தைத்து, மூழ்கியதன் எடையை அதில் தீட்டுவார்களாம். துறைமுகம் திரும்பும்போது அவற்றை வரிசையாக ஏற்றுவார்களாம். கரையில் இசைக்குழு முழங்குமாம். பெண்கள் பூ எறிவார்களாம். உங்கள் காதருகே நான் மெல்ல மொழிபெயர்த்தேன்.

பாய்க்கப்பல் எதையும் அடித்தார்களா என்று கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். அவர் சிரித்தார்.

"பாய்க்கப்பலுக்குக் கொடி கிடையாது" என்றார். இந்தியாவின் தென்முனைக்கு அப்பால் ஒன்று எதிர்ப்பட்டதாம். அதற்குப்போய்க் கணையை வீணாக்குவார்களா? பீரங்கிக்காரருக்குப் பயிற்சி வேண்டியிருந்தது, கொடுத்தார்களாம். குண்டு விழுந்ததும் சிவப்பு ஓடுகள் வானத்தில் எழுந்து கலைந்த அழகை, இரு கைகளையும் விரித்துக் காட்டினார். அதன்பின் அவர் சொன்னதை மொழிபெயர்க்கச் சொல் தேடினேன். "அண்ணை, அறம் செத்த அந்த வேளையில், மறலியின் தூதுவர்..." என்று தொடங்கினேன். என் முழங்கையைப் பற்றினீர்கள்.

"மேடைத் தமிழ் வேண்டாம். அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். அவர் சொன்னது இது: "தண்ணீரில் சிலர் மிதந்தார்கள். ஒருவன் ஒரு மரப்பொம்மையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். கப்பித்தானுக்கு அது பிடித்துப்போனது. கொக்கிக் கழியை நீட்டினேன். பொம்மையைக் கொக்கியில் மாட்டிவிட்டான். இழுத்து எடுத்தேன். மறுபடி தடுமாறி வந்து கழியைப் பிடித்துக்கொண்டான். உதறினேன். எனக்கு இட்ட கட்டளை பொம்மைக்குத்தான்."

பார்வையாளர் எவரும் அசையவில்லை. அவருக்கு அந்த அமைதி உவப்பாக இருந்தது. மேடைக்காரனான எனக்கு அந்த உவப்பு தெரியும். "அது ஒரு துறவி. கையில் குழந்தை. குழந்தைக்குத் தலையில்லை. தலையை எடுப்பதில் ஆங்கிலேயன் எங்களை முந்திவிட்டான் என்று சிரித்தோம்" என்றார். பொறியறையில் நிறுத்தி, எண்ணெய்த் துணிகளை அதன்மேல் காயப்போட்டார்களாம். பினாங்கில் ஒரு குப்பிச் சாராயத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

தலையில்லாத குழந்தையைப் பற்றி நீங்களும் நானும் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

"அவனிட்டைச் சொல்லு" என்றீர்கள். "தூக்கிக் காட்டினது ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனா அது என்ர அப்பான்ர தோணி."

சொன்னேன். முதியவர் தொப்பியைச் சரிசெய்தார். உங்களை மேலும் கீழும் பார்த்தார். "அங்கே தண்ணீராவது வெதுவெதுப்பாக இருந்தது. என் தோழர்கள் பனிக்கடலில் போனார்கள்" என்றார். நீங்கள் அவர் கையைப் பற்றி, உங்களுக்குத் தெரிந்த சில செருமன் சொற்களில் ஒன்றைச் சொன்னீர்கள்: "டாங்க."

வெளியே மணலில் நான் உங்கள்மேல் பாய்ந்தேன். கொன்றவனுக்கு நன்றியா? மானம் எங்கே போயிற்று? மேடையில் உமிழும் நெருப்பையெல்லாம் உங்கள்மேல் உமிழ்ந்தேன். குடுவையைத் திறந்து எனக்கு நீர் ஊற்றினீர்கள். "அம்மா கண்டவனைத்தானே கேட்டவ. அவன்தான் கண்டவன். வேற ஆரைப் போய்க் கேக்க?"

அந்த நவம்பரில் தந்தையின் பெயரைக் கொடுத்தீர்கள். அதைப் படிக்கக் கோயில் பக்கம் தலைவைக்காத என்னை அழைத்தீர்கள். "பேர் மட்டும். அடைமொழி ஒண்டும் போடாதை" என்று எச்சரித்தீர்கள். "மரியான் சந்தியோகு" என்று படித்துவிட்டு அமர்ந்தேன். என் வாழ்நாளின் மிகச் சிறிய உரை. உங்களுக்கு ஆறுதல் கிடைத்திருக்கும் என்றே நினைத்தேன். கோயில் படியில் குளிருக்கு வெண்சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு நீங்கள் சொன்னது வேறு.

"இவ்வளவு காலமும் அவர் வரப் பிந்தின மனிசன். இண்டைக்குத்தான் தம்பி செத்தவர். நீயும் நானுமாச் சேர்ந்து சாக்காட்டிப் போட்டம்."

அடுத்த இளவேனிலில் உங்களைப் புற்று அரித்தது. மருத்துவமனையில், மருத்துவரைச் சந்திக்க நேரம் குறித்து டெர்மின் எடுப்பதும் அவர் சொற்களை மொழிபெயர்ப்பதும் வழக்கம்போல் நானே. அப்போதும் அடைமொழி சேர்க்க நீங்கள் விடவில்லை. "சரி, மோட்சத்துக்கும் ஒரு டெர்மின் எடுத்துத் தா, அங்கையும் எனக்குப் பாசை தெரியாது" என்றீர்கள். அந்த டெர்மின் விரைவிலேயே வந்தது.

சென்ற கோடையில் தனியே வடக்கே போனேன். முதியவர் அதே இடத்தில் இருந்தார். கட்டையாகிவிட்ட குரலில் அதே வரலாறு. ஓடுகள் பறந்தன, பொம்மை வந்தது, தலையில்லாத குழந்தைக்கு எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் வரலாறு இப்போது சற்று நீண்டிருந்தது. "சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோணிக்காரனின் மகன் இங்கேயே வந்து நின்றான். எல்லாவற்றையும் சொன்னேன். என் கையைப் பிடித்து நன்றி சொன்னான்" என்றார். கேட்டவர்களின் முகம் கனிந்தது. ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அன்று அந்தத் தோணிக்குக் கொடி தைக்காதவர், உங்கள் நன்றியைக் கிழித்து இன்று தைத்துக்கொண்டார், அண்ணை.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஈராயிரம் பேருக்கு ஒலிபெருக்கியின்றிப் பேசிய தொண்டை இது. அந்த இரும்புக் குழாய் அதிர, அடிவயிற்றிலிருந்து முழங்கினேன்: "மரியான் சந்தியோகு!"

குழாய் முழுவதும் அந்தப் பெயர் ஓடித் திரும்பியது.  பிறகு, பின்னாலிருந்து ஒருவர் கைதட்டினார். அடுத்து எல்லாரும் தட்டினார்கள். காட்சியின் ஒரு பகுதி என்று எண்ணிவிட்டார்கள். முதியவரும் என்னைப் பார்த்துத் தலையசைத்து, கழி பிடித்த அந்தக் கைகளை உயர்த்தித் தட்டினார்.

இப்போதும் மேடையேறுகிறேன். குடுவையை நானே தூக்கிச் செல்கிறேன். பேசி முடித்ததும் நம்மவர்கள் தட்டுகிறார்கள். அந்த ஒலிக்குள் அவர் கைகளும் தட்டுகின்றன. எவை அவருடையவை என்று பிரித்தறிய எனக்கு ஏலாது, அண்ணை.