மூன்று சுழி

என்னங்க,

நீங்கள் கண்மூடி எட்டு மாதம் ஆகிறது. அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு வந்து நீங்கள் சாயும் நாற்காலியோடு மாமாவும் உங்கள் தம்பியும் நம் மகளும் தினமும் பேசுகிறார்கள். கேட்டால், "அவன்தான் பதில் சொல்றானேம்மா" என்கிறார் மாமா, சாதாரணமாக.

நான் மனநல ஆலோசகர் ஆயிற்றே, என் படிவத்தை எடுத்தேன். இயல்பு பிறழ்ந்த நடத்தைக்கு நான்கு கேள்விகள். கூட இருப்பவர்கள் செய்யாததா? வேதனை தருகிறதா? அன்றாட வேலை கெடுகிறதா? ஆபத்தா?

மூவருக்கும் ஒரு டிக் கூட விழவில்லை. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள்.

பிறகு எனக்கு நிரப்பினேன். இந்த வீட்டில் உங்கள் குரல் கேட்காதவள் நான் ஒருத்திதான். அழுகை நிற்கவில்லை. பதினைந்து நாளாக வேலைக்குப் போகவில்லை. நேற்று அடுப்பை அணைக்க மறந்தேன். நான்கிலும் டிக்.

அதனால்தான் உங்கள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் குனமாக வேண்டாமா?

இப்போதுதான் மகள் வாசற்படியில் வந்து நின்றாள். "நாற்காலிய ஏம்மா பாக்குற? அப்பா உன் பின்னாடி நின்னு படிச்சிட்டிருக்காரு. கடைசி வரியில மூணு சுழி 'ண' வரணுமாம்."

அவள் நிற்கும் இடத்திலிருந்து இந்தத் தாள் தெரியாது.

குணமாகி வரும்,
உங்கள் மனைவி