எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுபோன அண்ணனுக்கு

என் ஆசை அண்ணா,

திட்டிக்கொண்டேதான் தொடங்கப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ போய்ப் பதினேழு வருஷம் ஆகியும் உன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இப்போது உன் மகனும் அங்கேயே போகிறேன் என்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை சேலத்தில் ரயில் ஏறுகிறான்.

ஆமாம், நைரோபிக்குத்தான். எஸ்டேட்டுகளில் காப்பிப் பழம் உரிக்கிற மிஷினைப் பொருத்தி ரிப்பேர் பார்க்கும் வேலை. நீ பார்த்த அதே வேலை. கைக்குழந்தையாக அண்ணி தூக்கிக்கொண்டு வந்த முருகேசனுக்கு இப்போது உன் உயரம், உன் பிடிவாதம்.

பேப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் மறுபடியும் கூட்டுச் சேரக் கையெழுத்துப் போட்டிருக்கின்றனவாம்.

"ஏனுங்க அத்தை, இனிமே சரக்கு தங்குதடையில்லாமப் போகுமுங்க. நைரோபியில இருந்துக்கிட்டு மூணு நாட்டுலயும் வேலை பாக்கலாமுங்க. நொம்ப நல்ல சான்ஸுங்க!"

"உங்கப்பன் காலத்துலயும் இதையேதான் சொன்னாங்க கண்ணு" என்றேன். அவன் சிரித்தான்.

உன் கடிதங்களை எடுத்து அவன் முன்னால் போட்டேன். மூன்று நாட்டுக்கும் ஒரே ரயில், ஒரே தபால், ஒரே விமானக் கம்பெனி என்று நீ பூரித்துப்போய் எழுதியவை. பிறகு எழுதியதையும் படிக்கச் சொன்னேன். ஃபேக்டரி எல்லாம் கென்யாவில், மற்ற இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று நீதானே எழுதினாய்? ஒருத்தர் அடுப்பு மட்டும் எரிந்தால் கூட்டுக் குடும்பம் எத்தனை நாள் ஓடும்? அதைக் கண்ணால் பார்த்தவன் நீ. பார்த்தும் போனாயே, பாவி!

பாஸ்போர்ட்டை நைரோபி ஆபீசிலேயே வைத்துவிட்டு, லாரியில் மிஷினை ஏற்றிக்கொண்டு தான்சானியாவில் இருக்கும் அருஷாவுக்குப் போவாயாம். "எல்லையில நிக்கிறவங்க எல்லாம் நம்மளுக்குப் பழக்கம். நம்ம மலையில ஒரு எஸ்டேட்டுக்குள்ள பூந்து இன்னொரு எஸ்டேட்டுல ஏறுற மாதிரிதான்" என்று எழுதினாய். இங்கே பழம் பறிக்கிற காலத்தில்கூட ஒத்தையடிப் பாதையை யாரும் மறிக்கமாட்டார்கள். நம் தலைச்சோலை ஊர்க்காரன் எந்தத் தோட்டத்துக்குள் நடந்தாலும் கணக்கெழுதும் ரைட்டர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அந்த வழக்கத்தை நம்பி எல்லை தாண்டலாமா, அண்ணா?

எழுபத்தேழில் மூன்று பேரும் முறைத்துக்கொண்டு பிரிந்தார்கள். எல்லையைச் சாத்தினார்கள். உன் லாரியை அங்கேயே பறித்துக்கொண்டார்கள். நீ யாரென்று காட்ட உன்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அருஷாவில் நீ, நைரோபியில் பிள்ளையோடு அண்ணி. ஒரு பகல் பயணம்தானாம். மூன்றாவது மாசம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக எத்தனை பேருடைய காய்ச்சலை நான் இறக்கியிருக்கிறேன். உன் நெற்றியைத் தொட ஒரு கை இருந்ததா? யாராவது தண்ணீர் கொடுத்தார்களா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

முருகேசனுக்கு வந்த வேலை உத்தரவை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினான். நாலாவது பத்தியில் அவனை நிறுத்தி, மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். பாதுகாப்புக்காக ஊழியர்களின் பாஸ்போர்ட்டுகள் ஆபீஸ் பெட்டியில் வைக்கப்படும் என்று இருந்தது. இது வேறு கம்பெனிதான், வேறு ஆட்கள்தான், வழக்கம் மட்டும் அதே வழக்கம்.

"குடுக்காதே சாமி" என்றேன்.

"அத்தனை பேரும் குடுக்கறாங்க அத்தை. நான் மட்டும் மாட்டேன்னா வேலை குடுப்பாங்களா? இப்பத்தான் ஒண்ணு சேந்துட்டாங்களே!"

அண்ணியைப் பார்த்தேன். நீயாவது சொல்லேன் என்று கத்தினேன். அண்ணி நிமிரவே இல்லை.

"என்னத்தச் சொல்லச் சொல்ற? காப்பி வெலை இப்படிக் கெடக்குது, எஸ்டேட்டுல ஆளக் கொறைக்கறாங்க. ஊட்டுலயே உக்கார வெச்சா அவன் முழுசா இருப்பானா?"

சேர்வராயன் கோயிலுக்கு ஏறி, குகைக்குள் நின்று வேண்டிப் பார்த்தேன். கீழே இறங்கும்போது மனசு இன்னும் கனத்துத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் நாளைக்கு முறைத்துக்கொள்ளமாட்டார்கள் என்று யார் எனக்குச் சொல்வது?

போன மாசத்தோடு என் சர்வீஸ் முடிந்தது. மறுநாளே சேலத்துக்குப் பஸ் ஏறி போட்டோ எடுத்தேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "ஏனுங்கம்மா, இந்த வயசுல எங்கீங்க போறீங்க?" என்று கேட்டார். சேலத்தைத் தாண்டாதவள்தான் நான். என் கல்யாணத்துக்கு என்று சேர்த்து, அது நடக்காமல் பெட்டியிலேயே கிடந்த நகையை விற்று டிக்கெட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். முருகேசனுக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான், சிரிக்கட்டும்.

அண்ணா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவனை நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த நாடுகளுக்குள் ஒரு சின்ன உரசல் என்று காதில் விழுந்தாலும் போதும், நான் கிளம்பிவிடுவேன். மறுபடியும் சாத்தினார்கள் என்றால், உன் பிள்ளை எந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறானோ அந்தப் பக்கத்தில் அவனோடு நானும் மாட்டிக்கொள்கிறேன்.

உன் ஒரே தங்கச்சி,
முருகேசனின் அத்தை
ராசாத்தி