பைலாத் தாளத்தின் பொத்தான்

அன்பு மச்சான்,

இல்லாத ரொக் குழுவொன்றைக் கிண்டலடிக்கும் நமக்குப் பிடித்த அந்தப் படத்தை, கற்பிட்டி வாத்தியக்காரர் எல்லாரும் நேற்று இருபதாவது தடவையாகக் கூடிப் பார்த்தோம். செத்தவீட்டுப் பாட்டின் நடுவே கீபோர்டில் ஆட்டத் தாளம் கிளம்பும் இடம் வந்ததும் எனக்கு வழக்கம்போல உடம்பு புல்லரித்தது. நம்மைக் கண்டேயிராத படக்காரன் ஒருவன் இதை எப்படி அறிந்தான்?

யுத்தம் முடிந்த வருடம், தலவில திருவிழாப் பூசையில், நற்கருணை நேரம் உன் கீபோர்டில் பைலா ஆட்டத் தாளம் கிளம்பியது. பாதர் திரும்பிப் பார்த்தார். "என்ட கைப்பிழைதான், பாதர்" என்றாய். அதோடு நம் வாத்தியக் குழுவை விட்டே போய்விட்டாய்.

படத்தில் கீபோர்டின் தாளப் பொத்தானை அழுத்துவது, பக்கத்தில் நிற்கும் கிற்றார்காரனின் முழங்கை. அவனுக்கு அது கடைசிவரை தெரியாது.

எனக்கு அன்றே தெரியும், மச்சான்.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் நின்ற கிற்றார்காரன்