எட்டுப் பேர் படகு

ஈப்போ
14 செப்டம்பர் 2025

ஜெரமி அண்ணனுக்கு,

நானும் மரியஜோசப்பும் பிள்ளைகள் இருவரும் நலம். இங்கே தினமும் நாலு மணிக்கு மழை வந்துவிடுகிறது. பெர்த்தில் உங்கள் வீட்டார் நலம் என்பதைப் வாட்ஸ்அப் புலனக் குழுவில் வரும் படங்களில் பார்த்துக்கொள்கிறேன்.

இதைக் காகிதத்தில் எழுதி உங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்புவதற்குக் காரணம் உண்டு. புலனத்தில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். வீட்டுக்கு அனுப்பினால் வேறு யாராவது பிரித்துவிடக்கூடும். இதை உதவியாக எடுத்துக்கொண்டு எனக்கு நன்றி சொல்ல வேண்டாம்.

படகு விஷயம்தான். தோட்டத்தை வாங்கிய கம்பெனி மூன்று வருஷத்துக்கு முன் கேட்டைப் பூட்டியதிலிருந்து நம் இடுகாட்டு மேட்டுக்குத் தரைவழி இல்லை. நான் எழுதிய ஐந்து கடிதங்களுக்கும் பதில் இல்லை. காம்பார் சாலைப் பக்கமிருந்து பழைய ஈயச் சுரங்கக் குட்டையைக் கடந்துதான் போக முடியும். அப்பா அம்மா நினைவாகப் படகு வாங்கித் தருகிறேன், கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தோடு நானும் வருகிறேன் என்று நீங்கள் சொன்னபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அது பத்து நாள் நீடித்தது.

படகு விற்கும் மகேந்திரன் இரண்டு படகுகளின் விவரம் அனுப்பினார். இரண்டும் பான்டூன் வகை. இரண்டு அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் தட்டையான தளம், சுற்றிலும் கம்பி, மேலே வெயிலுக்குத் துணி. ஒன்று பதினெட்டு அடி, எட்டுப் பேருக்கு. மற்றது இருபத்து நாலு அடி, பதினாலு பேருக்கு. நீங்கள் யோசிக்கவே இல்லை. "எதுக்கு பமி அவ்ளோ பெருசு? ஃபேமிலி மட்டும்தானே போறோம்லா" என்றீர்கள். விலையா காரணம் என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றீர்கள். உங்கள் வீட்டில் நாலு, எங்கள் வீட்டில் நாலு, சரியாக எட்டு என்று வீடியோவில் விரலை மடக்கிக் காட்டினீர்கள்.

ஒருவர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பிவிடும் பழக்கம் எனக்கு இல்லை. தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலையில் இருபத்து மூன்று வருஷம் இருந்தால் அப்படித்தான் ஆகிவிடும். போன சனிக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சிம்பாங் பூலாயில் மகேந்திரன் பட்டறைக்குப் போனேன். சின்னப் படகில் நீள இருக்கைகள் எதிரெதிரே இருக்கின்றன. இடையில் இரண்டடிதான். உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். பெரிய படகில் பின்பக்கம் தனியாக ஒரு இருக்கை உண்டு. அங்கே உட்காருபவர் முன்னால் இருப்பவர்களின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

நாங்கள் என்னென்ன கொண்டுபோவோம் என்று மகேந்திரன் கேட்டார். சுண்ணாம்பு வாளி, புல்வெட்டும் மெஷின், தண்ணீர்க் கேன்கள், பூ என்று சொன்னேன். "அக்கா, எட்டுன்னா எட்டுதான்லா. அவ்ளோ பாராங், சாமான் வச்சா அதையும் ஒரு ஆளா சேத்துக்கணும். அதுவும் குண்டு ஆளு. நான் போலே, முடியும்னு சொல்லிடுவேன், தண்ணி போலேன்னு சொல்லாது" என்றார்.

ஆக, பாலம் கட்டும் இன்ஜினியரான உங்கள் கணக்கு அங்கேயே ஒன்பதாகிவிட்டது. கல்லறைகளை மந்திரிக்க ஃபாதர் வருவார். அவர் நீந்தி வருவாரா? முப்பது வருஷமாக அந்த மேட்டில் புல் வெட்டும் சன்னாசி அண்ணன், இடுப்பளவு லாலாங் புல்லை வெட்டித் தள்ள வேண்டாமா? அல்லது பெர்த்திலிருந்து வரும் உங்கள் பிள்ளைகள் வெட்டப்போகிறார்களா?

இது கணக்குப் பிழையாக இருந்தால் இரண்டு வரியில் திருத்தி அனுப்பியிருப்பேன். பிழை இல்லை. ஒருவருக்கு இடம் இருக்கக் கூடாது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற படகைப் பிறகு தேர்ந்தெடுத்தீர்கள். வெண்டி அண்ணியைத்தான் சொல்கிறேன்.

அண்ணி என்று எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. "இன்னும் என்னா அண்ணி?" என்று போன வருஷமும் கேட்டீர்கள். உங்கள் விவாகரத்துப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு அவர் அண்ணிதான்.

படகு வரப்போகிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை ஆஸ்பத்திரி வேலை முடிந்து எனக்குப் போன் செய்தார். தன்னையும் கூட்டிப்போக முடியுமா என்று கேட்பார் என்று நினைத்து, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் போனை எடுத்தேன். அவர் கேட்டது வேறு. "எனக்கு எடம் இல்லன்னா பரவால்ல பமி. பெயிண்ட் டின்ன மட்டும் கொண்டுபோறியா? வெயிட்டு இருக்காதுலா, சின்ன டின்னுதான். கறுப்பு. பிரஷ்ஷும் கட்டி வச்சிருக்கேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உங்கள் மேல் எனக்கு எப்போதாவது மரியாதை இருந்தது என்றால், அந்த ஒரு நிமிஷம் அது இல்லை.

அடுத்த நாள் பெர்த்திலிருந்து புனிதா அண்ணி பேசினார். நல்ல மனுஷி. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்று யார் யார் கல்லறைகள் அங்கே இருக்கின்றன என்று கேட்டார். பேச்சோடு பேச்சாக, நாலு பெரிய மெழுகுவர்த்தி எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். "மூணுதானே பமி? மாமா, அத்தை, தாத்தா. யாரு அந்த நாலாவது ஆளு?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் முதல் கல்யாணம் அவருக்குத் தெரியும். மிரியமைப் பற்றித் தெரியாது. பத்தொன்பது வருஷமாகக் கூட வாழ்பவரிடம், நாற்பத்தொரு நாள் உங்கள் மகளாக இருந்த ஒரு குழந்தையை நீங்கள் சொல்லவே இல்லை.

ஒன்று உடைந்துபோனால் மாற்று வேண்டுமே என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதை அவர் என் வாயால் கேட்கக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் மறந்துவிட்டீர்கள். அந்தச் சின்னச் சிலுவையை நீங்கள்தான் செய்தீர்கள். கடையில் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அப்பா வீட்டுப் பின்பக்கம் சிமெண்ட் குழைத்துப் பலகைக்குள் ஊற்றினீர்கள். ஈரம் காய்வதற்குள் ஆணியால் பெயரைக் கீறினீர்கள். மிரியம் ஜெரமி. தமிழில் வளைவு சரியாக வரவில்லை என்று கீழே இங்கிலீஷிலும் கீறினீர்கள். நான்தான் பக்கத்தில் விளக்குப் பிடித்தேன். அந்தப் பள்ளங்களில்தான் வெண்டி அண்ணி ஒவ்வொரு வருஷமும் கறுப்புப் பெயிண்ட் வைப்பார். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் தடவி எழுதியது உங்கள் கையெழுத்தை. மூன்று வருஷமாக அது நடக்கவில்லை. எழுத்து மங்கியிருக்கும், அழிந்திருக்காது. ஆணியை ஆழமாகத்தான் இறக்கினீர்கள். உங்கள் மகனுக்குத் தமிழ் படிக்க வராது. இங்கிலீஷ் வரும்.

இனிப் படகை நீங்களே தேர்ந்தெடுங்கள். பெரியது என்றால் எல்லோரும் வரலாம். வெண்டி அண்ணி பின்பக்கம் தனி இருக்கையில் உட்காருவார். நீங்கள் முன்னால் நின்று ஓட்டலாம். வழி முழுக்க அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

சின்னதுதான் வேண்டும் என்றால் அதற்கும் சம்மதம். கணக்கைப் போட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் நாலு, ஃபாதர், சன்னாசி அண்ணன், சாமான் ஒரு ஆள். ஏழு. எட்டாவது இடம் வெண்டி அண்ணிக்கு. நானும் மரியஜோசப்பும் பிள்ளைகளும் கரையில் நிற்கிறோம். அவர் யாருக்கு எதிரே உட்காருவார் என்பதைப் படகில் ஏறும்போது பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டடிதான் இடைவெளி. புனிதா அண்ணியும் பக்கத்தில்தான் இருப்பார்.

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் மகேந்திரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் மனைவியிடம் பேசிவிடுங்கள். வர முடியவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். நம்ப மாட்டேன்.

பெயிண்ட் டின்னை நான் கொண்டுபோவதாக அண்ணியிடம் சொன்னதை மாற்றிவிட்டேன். நேற்றுப் போன் செய்து, நீங்களே கொண்டுவாருங்கள், இடம் இருக்கிறது என்று சொன்னேன். அவர், "ரெண்டு பிரஷ் எடுத்துக்கவா?" என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நவம்பர் இரண்டாம் தேதி நாலு மணிவரைக்கும் ஆண்டவர் மழையை நிறுத்தி வைக்கட்டும். பெயிண்ட் காய வேண்டும்.

தங்கை,
பமேலா