தலை குறையாத ஊர்

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்கத் தையல் பிரிக்கும் வேலை. கொல்லர் வீட்டு அண்ணி ஊரை விட்டுப் போய் ஆறு வருடம். அவர் ரவிக்கைகளை இப்போது போட்டுக்கொள்வது தபால்காரர் மனைவி. பெருத்துவிட்டார்; இரண்டு பக்கமும் பிரித்துவிட வேண்டியிருந்தது.

"அண்ணி இவ்வளவு பெருக்கலையே" என்று கிண்டல் பண்ணினேன்.

"போனவங்க பெருக்க மாட்டாங்களா என்ன?" என்றார். அடுத்த தையலைப் பிரித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

வேலை கிடைத்துவிட்டது. நகரத்து ஆயத்த ஆடை ஆலை, துணி வெட்டும் பிரிவு. அம்மாவையும் கூட வரச் சொன்னேன். அவளை விட்டுவிட்டு நான் எங்கே நிம்மதியாக இருக்கப்போகிறேன்?

"நீ போ. நான் இங்க இருந்தாத்தான் கணக்கு சரியா வரும்" என்றாள்.

எந்தக் கணக்கு என்று வெளியாள் கேட்டால் சிரிப்பார். கல் உடைக்க வந்தவர்கள் கட்டிய ஊர் இது. கல்குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றதும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். நூறு தலைக்குக் குறைந்தால் பேருந்தும் குடிநீர்க் குழாயும் நின்றுவிடும் என்று உத்தரவு வந்தது. கணக்கெடுப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். அதனால் இருக்கிற ஐம்பது சொச்சம் பேரும் ஆளுக்கு ஒரு போனவராகவும் இருக்கிறோம். முதலில் அவர் வருவார் என்று தோன்றிய நாளில் மட்டும். பிறகு வாரத்தில் இரண்டு நாள். இப்போது தினமும் பாதிப் பொழுது. போனவர் சேலையைக் கட்டி, போனவர் வீட்டில் அடுப்பு மூட்டி, அவர் விட்டுப்போன சண்டையைக்கூட விடாமல் தொடர்கிறோம். கொல்லர் வீட்டு அண்ணியாக இருக்கும் நேரத்தில் தபால்காரர் மனைவி தன் சொந்த வீட்டுப் பக்கம் திரும்புவதே இல்லை. அண்ணிக்கும் தபால்காரர் மனைவிக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

மார்ச் 21, வெள்ளி

யார் யாராக இருப்பது என்று முறை போடுவது கடைக்கார அண்ணன். என் இடத்துக்குத் தபால்காரர் மருமகள் என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகி வந்து நான்கு மாதம்தான். வாய் திறந்து பேசாத பெண். சாயங்காலம் வந்து என் பாயில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அம்மா கோவமா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். தட்டு கழுவுவேன்."

"சத்தமாவா, மெதுவாவா?"

சத்தமாக என்றேன். என் பச்சை ரவிக்கையை அவள் அளவுக்கு நானே பிடித்துக் கொடுத்தேன். விரலில் ஊசி ஏறிவிட்டது. இருபது வருடத் தையலில் இப்படி ஆனதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நகரம். ஒரே அறையில் நாலு பெண்கள். தூக்கம் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

போனில் அம்மா என்னிடம் "சரிங்க" என்றாள். என்னிடம் போய் 'ங்க'! வாய் தவறியிருக்கும். பின்னால் யாரோ தட்டு கழுவினார்கள், நல்ல சத்தமாக.

மே 11, ஞாயிறு

மூன்று வாரமாக அம்மா போனை எடுக்கவில்லை. இன்றைக்கு எடுத்தது நான் — நான் இல்ல, தபால்காரர் மருமக. நான் இழுத்துப் பேசற மாதிரியே இழுத்து, "அம்மா படுத்திருக்காங்க, நீங்க யாரு பேசறது?"ன்னு கேக்கறா. யாருன்னு சொல்றது? வைத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்றுதான் ஊருக்குப் போனேன்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே தடவையில் கோத்துவிட்டு நிமிர்ந்தாள். பார்வையில், புத்தியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வாங்க, உக்காருங்க. யாரைப் பாக்கணும்?"

"அம்மா, நான்தாம்மா. விளையாடாதே. கணக்கெடுக்கறவர் யாரும் இங்க இல்ல."

"மக தண்ணி பிடிக்கப் போயிருக்கா. வந்துடுவா."

"உன் மக நான்தானேம்மா. நகரத்துக்குப் போனேனே."

"என் மக எங்கயும் போகலீங்க" என்றாள், பொறுமையாக.

அதற்குள் அந்தப் பெண் குடத்தோடு வந்தாள். பச்சை ரவிக்கை. அம்மா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். விட்டுவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

கடையில் போய் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் டீ போட்டுத் தந்தார்.  பிறகு மெதுவாக, "கிணத்தடி வீட்டுக்குச் சரியா ஆள் அமையலை. நீங்க இருக்கீங்களா?" என்று கேட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

ஆலைக்கு வரமாட்டேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன். கிணற்றடி வீட்டில் அடுப்புப் புகை சரியாகப் போவதில்லை, கண் எரிகிறது. அந்த வீட்டை விட்டுப் போனவள் வாயாடியாம். அக்கம்பக்கத்தில் எதையாவது கேட்டு வாங்காமல் அவளுக்குப் பொழுது போகாதாம். நல்லதாகப் போயிற்று. தினமும் சாயங்காலம் அம்மா வீட்டு வாசலில் நின்று ஒரு கை சர்க்கரை கேட்கிறேன். இன்றைக்குக் கொடுத்துவிட்டு, "இளைச்சுப் போயிட்டீங்களே, ஒழுங்கா சாப்பிடறதில்லையா?" என்று கேட்டாள்.

சாப்பிடுகிறேன் என்றேன். நாளைக்கு உப்பு கேட்கலாம்.