எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது

சின்ன காஞ்சிபுரம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள வரலக்ஷ்மிக்கு,

அண்ணாவின் ஆசிகள். போனில் பேசினால் பக்கத்து அறையில் அம்மா காதில் விழுகிறது. அதனால்தான் இந்த மெயில்.

என் பெண் ஸுஷ்மாவுக்கு இன்னும் குணமாகவில்லை. வயிற்று வலி, பேதி, சாயங்காலமானால் ஜுரம். குடலில் காசநோயாக இருக்கலாம் என்று கொடுத்த மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குகிறாள். ஒரு பலனும் இல்லை. கல்லூரிக்குப் போகிற பெண், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இளைத்துவிட்டாள். பார்க்கவே பயமாக இருக்கிறது.

நேற்று தீபிகா என்று ஒரு புது டாக்டரிடம் போனோம். எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரித்தார். "உங்க குடும்பத்துல யாருக்காவது குடல் வியாதி இருக்குதா சார்?" என்று கேட்டார். "எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அப்படியானால் இதே மாத்திரையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்.

உன் உடம்பு தேவலையா? உன் பிள்ளை ஸ்ரீவர்தன் ஒழுங்காகப் படிக்கிறானா?

அன்புடன்,
சம்பத்குமார்


புனே
3 பிப்ரவரி 2025

அண்ணா!

நமஸ்காரமெல்லாம் அப்புறம். யார் வம்சத்தில் கிடையாது? க்ரோன்ஸ் என்கிற குடல் வியாதி என்று சொல்லி என் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்களே, நான் யார் வீட்டுப் பெண்? ஆபரேஷன் ஆனவளுக்கு மிளகு போட்ட கோயில் இட்லியைக் கொரியரில் அனுப்பிய மகானுபாவன் யார்?

எனக்குப் புரிகிறது. குழந்தையாக இருக்கும்போதே உன்னை ஸ்வீகாரம் என்று தத்துக் கொடுத்துவிட்டார்கள். ஹோமம் வளர்த்துக் கோத்திரத்தை மாற்றினார்கள். என் கல்யாணத்துக்கு முன்பே நம் அப்பா போனபோது நான் காத்த தீட்டில் பாதிகூட உனக்கு இல்லை. டாக்டர் கேட்டதும் உனக்கு வளர்த்தவர்களின் வம்சம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. ஆனால் அந்த ஹோமப் புகை உன் ரத்தத்துக்குள் போகவில்லை அண்ணா! இது நெருங்கிய ரத்த சொந்தத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்று என் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். காசநோயும் இதுவும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்குமாம்.

உன்னை வளர்த்த மாமி மனம் நோகுமே என்று தயங்காதே. என் ரிப்போர்ட் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். நாளைக் காலையிலேயே ஓடு.

பதறிக்கொண்டிருக்கும்,
வரலக்ஷ்மி


சின்ன காஞ்சிபுரம்
20 ஏப்ரல் 2025

என் அருமை வரலக்ஷ்மிக்கு,

போனில் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இன்று ஆற அமர எழுதுகிறேன். எங்கே ஆற அமர?

உன் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் தீபிகா டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதை மொதல்லயே சொல்லக்கூடாதா சார்?" என்றார். மறுபடியும் குடலைப் பரிசோதித்தார்கள். காசநோய் இல்லை, க்ரோன்ஸ்தான். மருந்தை மாற்றியதும் ஜுரம் விட்டது. ஸுஷ்மா நேற்று தயிர் சாதம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அடுத்த செய்தி. ஆராய்ச்சிக்கென்று எங்கள் ரத்தத்தையும் எடுத்தார்கள். உன் ரிப்போர்ட்டில் இருக்கிற அதே மரபணு மாற்றம் ஸுஷ்மாவுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது! "இருந்தா வியாதி வந்தே தீரும்னு இல்ல சார், வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அவ்ளோதான்" என்றார் டாக்டர். எனக்கோ தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்தவன் என்று நினைத்திருந்தேன். நம் வீட்டுப் பொருள் ஒன்று என்னிடம் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபிப்பாள் என்றுதான் பயந்தேன். கோபித்தாள், வேறு காரணத்துக்கு. "டாக்டர்கிட்ட இதைப் போய் மறைப்பாளோடா? பெத்தவாளை மறந்துடுன்னு நான் எப்போ சொன்னேன்? கருட சேவைக்கு அவளை வரச் சொல்லு. நம்மாத்துலதான் தங்கணும்."

வருவாய் அல்லவா?

அண்ணா


புனே
21 ஏப்ரல் 2025

அண்ணா,

ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன், பிறகு சிரித்தேன். பழுதான மரபணுவுக்கு இப்படிக் குதிக்கிற ஆளை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

டிக்கெட் போட்டாயிற்று. ஸ்ரீவர்தனும் வருகிறான். அவனுக்கு வயிற்றில் ஏதாவது என்றால் டாக்டரிடம் முதலில் என்ன சொல்லவேண்டும் என்று அவனுக்குப் பாடம் நடத்திவிட்டேன்.

கல்யாணங்களில் உன்னைப் பார்க்கும்போதெல்லாம், மாமி பக்கத்தில் இருக்கிறாரே என்று உறவைச் சொல்லாமல் "வாங்கோ" என்று நழுவியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து யாருக்கும் கேட்காமல் மனதுக்குள் கூப்பிட்டுக்கொள்வேன். இந்தத் தடவை அது நடக்காது. உங்கள் வாசலில் ஆட்டோ நிற்பதற்கு முன்பே "அண்ணா" என்று கத்தப் போகிறேன். தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
வரலக்ஷ்மி